சிறுகுறிஞ்சான் சாப்பிட்டால் சுகர் குறையுமா? 1887-ல் தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் முடியாதது ஏன்?

சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்றுவிட்டு ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டால் இனிக்காது. மணலைப் போட்ட மாதிரி நறநறன்னு இருக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நாக்கு தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். இந்தக் கொடிக்கு நம்ம ஊரில் 'சர்க்கரைக்கொல்லி' என்று இன்னொரு பெயர் இருப்பது சும்மா இல்லை.

தர்மபுரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் காடுதான். சித்தேரி, வத்தல்மலை, பென்னாகரம், தீர்த்தமலை என்று எந்தப் பக்கம் போனாலும் சிறுகுறிஞ்சான், நிலவேம்பு, நெல்லி, கடுக்காய் என மூலிகைப் பேச்சு இல்லாத வீடு குறைவு. மலையில் மலையாளிகளும் ஒகேனக்கல் பக்கம் இருளர்களும் தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பயன்படுத்தி வருகிறார்கள். கீழே நகரத்தில் இதே இலை பொடியாகி, டப்பாவில் அடைக்கப்பட்டு, 'சுகருக்கு நல்லது' என்ற ஒற்றை வரியோடு விற்கப்படுகிறது.

நல்லதா? எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாமா? இந்த மூன்று கேள்விக்கும் உறுதியான பதில் இன்றைக்கும் இல்லை. செடி புதுசு என்பதால் அல்ல. ஆராய்ச்சி தொடங்கி 130 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதை யாரும் முடித்து வைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஊட்டியில் ஆரம்பித்த கதை

நீலகிரியில் அன்றைய சென்னை மாகாண அரசு சின்கோனா மரங்களை வளர்த்து வந்தது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அந்த மரத்தின் பட்டையில் இருந்துதான் கிடைக்கும். பட்டையில் எவ்வளவு கொய்னா இருக்கிறது என்று அளந்து சொல்வதற்காகவே டேவிட் ஹூப்பர் என்ற வேதியியல் நிபுணரை அரசு ஊட்டியில் வேலைக்கு வைத்திருந்தது. சின்கோனா வேலைக்கு நடுவே அவர் சிறுகுறிஞ்சான் இலையையும் கையில் எடுத்தார். 1887-ல் இனிப்புச் சுவையை மறைக்கும் பொருளை இலையிலிருந்து பிரித்து, 'ஜிம்னெமிக் அமிலம்' என்று பெயர் வைத்தார். அது ஒரே பொருள் இல்லை, ஒன்றுக்கொன்று உறவான பல சபோனின்களின் கலவை என்பது பின்னால் தெரிய வந்தது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியில் போய் இவை ஒட்டிக்கொள்வதால்தான் சர்க்கரை இனிக்காமல் போகிறது.

இரண்டு செடிகளும் ஒரே மலையில், ஒரே ஆளின் கையில் இருந்தன. ஆனால் சின்கோனா போன பாதை வேறு. 1820-லேயே பிரான்ஸில் கொய்னாவைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அதன் பிறகு 'ஒரு பிடி பட்டை' என்ற பேச்சு போய், 'இத்தனை கிராம் கொய்னா' என்ற கணக்கு வந்தது. அளவு தெரிந்ததால் டாக்டர் நம்பி எழுதிக் கொடுக்க முடிந்தது. சிறுகுறிஞ்சானுக்கு அந்தக் கணக்கு வரவே இல்லை. இன்றைக்கும் 'ஒரு டீஸ்பூன் பொடி, வெறும் வயிற்றில்' என்ற இடத்திலேயே நிற்கிறது. எந்த மண்ணில் விளைந்தது, எந்த மாதம் பறித்தது, எப்படிக் காயவைத்தது என்பதைப் பொறுத்து அந்த ஒரு டீஸ்பூனில் இருக்கும் சத்து மாறும். டப்பா மேல் அது எதுவும் எழுதியிருக்காது.

1990-ல் சென்னையில் என்ன நடந்தது?

நூறு வருடம் கழித்து முக்கியமான ஒரு முயற்சி சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கிருந்த உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து 'ஜிஎஸ்4' என்ற சாற்றைத் தயாரித்தார்கள். டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு, அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்து, தினமும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் வரை கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தது. மாத்திரை அளவையும் குறைக்க முடிந்தது. 5 பேர் மாத்திரையையே நிறுத்திவிட்டு இந்தச் சாற்றை மட்டும் வைத்துச் சமாளித்தார்கள். இன்சுலின் போடும் 27 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் இன்சுலின் தேவை குறைந்ததாகப் பதிவானது. இரண்டும் 1990-ல் சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தன.

கேட்டவுடன் 'அப்புறம் என்ன, நிரூபிச்சாச்சே!' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஆய்வு சின்னது. சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி இருக்கும் டம்மி மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது போகிறது என்று டாக்டருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு அல்ல. ஆய்வில் சேர்ந்த நோயாளி சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருப்பார். மாத்திரையை மறக்க மாட்டார். அடிக்கடி டெஸ்ட் எடுப்பார். சுகர் குறைந்தது இலையாலா, அக்கறையாலா என்று பிரித்துச் சொல்ல டம்மி குழு வேண்டும். 22 பேரிடம் கிடைத்த நம்பிக்கையை 500 பேரிடமோ 1000 பேரிடமோ சோதித்துப் பார்ப்பதுதான் அடுத்த படி. அதற்குப் பிறகும் சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தன. எல்லா சந்தேகத்தையும் தீர்க்கும் பெரிய ஆய்வு மட்டும் வரவில்லை.

டெஸ்ட் டியூப்பில் ஜெயித்தால் போதுமா?

மூலிகை ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே கிடையாது. தமிழகக் கல்லூரிகளில் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். இலையைப் பறிப்பது, நிழலில் உலர்த்துவது, மெத்தனாலில் ஊறவைப்பது, கிடைத்த சாறு கிருமியைக் கொல்கிறதா, புற்றுநோய் செல்லை அழிக்கிறதா என்று கண்ணாடிக் குடுவையில் பார்ப்பது. கொஞ்சம் பணம் இருந்தால் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது. கட்டுரை வெளியாகும், பட்டம் கிடைக்கும். அடுத்த மாணவர் அடுத்த செடிக்குப் போய்விடுவார்.

இதில் மாணவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு முனைவர் பட்டத்துக்கான காலத்திலும் காசிலும் அவ்வளவுதான் செய்ய முடியும். ஆனால் குடுவையில் செல்லைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை. பினாயில் ஊற்றினாலும் செல் செத்துப்போகும். வாய் வழியாகச் சாப்பிட்டு, குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலைத் தாண்டி, தேவையான இடத்துக்குத் தேவையான அளவு போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. அதோடு, வீட்டில் யாரும் மெத்தனாலில் ஊறவைத்துக் குடிப்பதில்லை. தண்ணீரில் கஷாயம்தான் வைக்கிறார்கள். சாறு மாறினால் அதில் இறங்கும் பொருளும் மாறும். ஆனாலும் 'புற்றுநோயைக் குணப்படுத்தும் மூலிகை: விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த முதல் படியைத் தாண்டாத ஆய்வுகள்தான்.

கீழாநெல்லி சொல்லிக் கொடுத்த பாடம்

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சென்னையில் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழு இதை முறையாகச் சோதித்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பரூக் பிளம்பெர்க்கும் இந்த ஆய்வில் சேர்ந்திருந்தார். 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்திருந்தது. டம்மி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு வேறு நாடுகளில் அதே சோதனையைச் செய்தபோது அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. செடியின் ரகம் வேறா, பறித்த காலம் வேறா, முதல் ஆய்வில் சிறிய எண்ணிக்கையால் வந்த தற்செயலா என்று விவாதம் நீண்டது. கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுபோல் தெரியும் பல செடிகள் இருப்பதும், சந்தைச் சரக்கில் அவை கலந்து வருவதும் குழப்பத்தைக் கூட்டியது.

இதை நம் மருத்துவத்தின் தோல்வி என்று பார்க்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி நடக்க வேண்டிய முறையே இதுதான். ஒருவர் கண்டதை இன்னொருவர் கண்டால்தான் அது உண்மை. ஹெபடைடிஸ் பி-க்கு இன்று தடுப்பூசியும் வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரையும் இருக்கின்றன. கீழாநெல்லியை மட்டும் நம்பி ஈரலைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்று தைரியமாகச் சொல்ல முடிவதும் அந்த ஆய்வுகளால்தான்.

'பாட்டன் காலத்து அனுபவம் போதாதா?'

இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. எதைச் சோதிக்க வேண்டும் என்று காட்டுவதே அனுபவம்தான். சர்ப்பகந்தா வேரை மனநோய்க்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்துவந்த அனுபவம் இல்லாவிட்டால், மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்தக்கொதிப்பு நோயாளிகளிடம் சோதித்து 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியிருக்க மாட்டார். 1952-ல் அந்த வேரிலிருந்து பிரித்த ரெசர்பின், உலகம் முழுக்க ரத்தக்கொதிப்பு மருந்தானது.

ஆனால் அனுபவத்தின் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உண்டு. இலையைத் தின்றதும் வாந்தி வந்தால் பாட்டிக்குத் தெரிந்துவிடும். பத்து வருடம் கழித்து சிறுநீரகம் பழுதானால், அதற்கும் அந்த இலைக்கும் முடிச்சுப் போட யாராலும் முடியாது. பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும் கிராமங்களில் பயன்படுத்தும் ஆடுதீண்டாப்பாளை அப்படிப்பட்ட ஒரு செடி. அதுவும் ஈஸ்வரமூலியும் 'அரிஸ்டோலோகியா' குடும்பம். அவற்றில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. மாத்திரையில் வேறொரு மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் சீனச் செடி கலந்திருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இன்று இந்த அமிலத்தை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 'இயற்கைதானே, சைடு எஃபெக்ட் இல்லை' என்று பேசுபவர்கள் இந்த ஒரு செடியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தர்மபுரியிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கி பள்ளத்தாக்கில் மூலிகைக்குக் குறைவில்லை. ஆனால் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993-ல் அங்கு பழங்குடியினர் நலத் திட்டத்தைத் தொடங்கியபோது, பச்சிளம் குழந்தைகள் இறப்பது சாதாரணச் செய்தியாக இருந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்த் தாயையும் சேயையும் கவனிக்க வைத்ததும், கையருகே ஆஸ்பத்திரி வந்ததும்தான் அந்த நிலைமையை மாற்றின. காடு நிறைய மூலிகை இருப்பதும் ஊருக்கு மருத்துவம் கிடைப்பதும் வேறு வேறு.

காசு யார் போடுவது?

'மருந்துக் கம்பெனிகள் மூலிகையை வளரவிடாது' என்று அடிக்கடி சொல்லப்படும். சதி என்று சொல்வதைவிடக் கணக்கு என்று சொல்லலாம். வேலியில் படரும் சிறுகுறிஞ்சானுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. 1995-ல் மஞ்சளுக்கு அமெரிக்கா கொடுத்த காப்புரிமையையே இந்தியா எதிர்த்து 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அது சரியான போராட்டம். அதன் மறுபக்கம், லாபம் இல்லாத செடியில் பல கோடி போட்டு ஆயிரம் பேரிடம் சோதனை நடத்த எந்தத் தனியாரும் வர மாட்டார்கள். சோதனை இல்லாமலே பொடி விற்கிறது என்னும்போது அவர்களுக்கு அவசரமும் இல்லை.

அப்படியானால் அரசுதான் வர வேண்டும். சீனாவில் அதுதான் நடந்தது. 1967-ல் அரசு தொடங்கிய மலேரியா மருந்துத் திட்டத்தில் டு யூயூ குழு பழைய மருத்துவ நூல்களைப் புரட்டியது. மாசிபத்திரியின் உறவான ஒரு செடியைக் கொதிக்க வைக்காமல் சாறு எடுக்கச் சொல்லும் குறிப்பு கிடைத்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று புரிந்துகொண்டு, குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார்கள். ஆர்ட்டிமிசினின் பிறந்தது, 2015-ல் நோபல் பரிசும் வந்தது. பழைய நூல் வழி காட்டியது. முடித்து வைத்தது ஆய்வகமும் நோயாளிகளிடம் நடந்த சோதனையும்.

நம்மிடம் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் சென்னையில் இருக்கிறது. அதன் மூலிகைத் தோட்டம் தர்மபுரிக்குப் பக்கத்திலேயே மேட்டூரில் இருக்கிறது. டெங்கு காலத்தில் ஒன்பது சரக்கு நிலவேம்புக் குடிநீரையும் கொரோனா காலத்தில் பதினைந்து சரக்கு கபசுரக் குடிநீரையும் அரசே தெருத்தெருவாகக் கொடுத்தது. அண்டாவில் கொடுத்த வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது ஆராய்ச்சியில் காட்டியிருந்தால், அடுத்த தொற்று வரும்போது 'கொடுக்கலாமா, வேண்டாமா' என்று டிவி விவாதம் பார்க்க வேண்டியிருக்காது.

மலையில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்?

ஆராய்ச்சி நடந்து மருந்தும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இலையைக் காட்டிக் கொடுத்தவருக்கு என்ன பங்கு?

கேரளத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1987-ல் அகத்தியர் மலைக்குப் போன விஞ்ஞானிகளுக்குக் காணி மக்கள் களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். உலகம் பாராட்டியது. ஆனால் காட்டில் இலை பறிப்பது, வளர்ப்பது தொடர்பாக வனத்துறையோடு சிக்கல் வந்தது. சரக்கு வரத்து தடுமாறியது. பங்கு கொடுப்பதாக எழுதினால் மட்டும் போதாது, இலையைத் தொடும் உரிமையும் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

நன்றாக ஓடுகிற இன்னொரு உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம். பாம்பு பிடிக்கும் அவர்களின் அறிவால் விஷம் எடுக்கப்படுகிறது. அதை வைத்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. உறுப்பினர்களுக்குக் கூலி கிடைக்கிறது. அறிவு, ஆய்வகம், வருமானம் மூன்றும் ஒரே சங்கிலியில் வருகின்றன.

சட்டமும் இருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம், பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது. 2002-ன் பல்லுயிர்ச் சட்டம் பலனில் பங்கு கொடுக்கச் சொல்கிறது. ஆனால் 2023-ல் வந்த திருத்தம், நூல்களில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவுக்கும் பயிரிட்ட மூலிகைகளுக்கும் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்கு அளித்தது. சித்தேரியில் ஒரு பெரியவர் சொன்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு, 'இது ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது' என்று ஒரு நிறுவனம் சொல்லிவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்? எழுதாத அறிவைக் காப்பாற்ற ஒரே வழி, உள்ளூர்ப் பல்லுயிர்க் குழுக்கள் அதை அந்த மக்களின் பெயரிலேயே இப்போதே பதிவு செய்வது.

தர்மபுரியில் இருந்தே தொடங்கலாம்

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. இதற்கு மேலும் சிறுகுறிஞ்சான் கேள்வியைத் தள்ளிப்போட நியாயம் இல்லை. தேவையானதெல்லாம் தர்மபுரியைச் சுற்றியே இருக்கிறது. காட்டில் செடி, மேட்டூரில் தோட்டம், 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு. 2021-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், யார் வீட்டில் யாருக்குச் சுகர், என்ன மாத்திரை என்ற பட்டியல் அரசின் கையில் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரே ரகமாக வளர்த்து, சத்து அளவு நிர்ணயித்த மாத்திரை தயாரிக்க வேண்டும். விருப்பப்பட்டு முன்வரும் நோயாளிகளை, அவர்களின் வழக்கமான மருந்தை நிறுத்தாமல், இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு வருடம் கவனிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி, ஈரல், சிறுநீரகம் மூன்றையும் பார்க்க வேண்டும். முடிவு எதுவானாலும், 'வேலை செய்யவில்லை' என்றாலும், வெளியிட வேண்டும். இலை பறிக்கும் மலை கிராமத்துக்குக் கூலியும் பங்கும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். விண்வெளி ஆராய்ச்சி அளவுக்குச் செலவு பிடிக்கும் வேலை இல்லை இது.

அதுவரை சுகர் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. மாத்திரையும் பொடியும் சேர்ந்து சுகரை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். திடீர் வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட்டுவிட்டு, சுகரை டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். 'சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும்' என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி எழுதியிருக்கும் டப்பாவை வாங்காதீர்கள்.

சித்தேரி மலைக்காரர் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல வேண்டிய கடமை அவருடையது அல்ல. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார். அதைச் சோதித்து, அளந்து, அவருக்கும் நோயாளிக்கும் பதில் சொல்ல வேண்டியது அரசும் ஆய்வகங்களும்தான். அந்தப் பதில் ரொம்ப நாளாகப் பாக்கி இருக்கிறது.